பத்து பத்தா மூணு செட்டும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

ஜிம்மில் சேர்ந்த முதல் நாள் மாஸ்டர் எல்லோருக்கும் சொல்வதுதான்: "பத்து பத்தா மூணு செட் போடுங்க தம்பி." அதாவது நிறுத்தாமல் பத்து தடவை தூக்கினால் ஒரு செட், அப்படி மூன்று. நானும் போட்டேன். 12.5 கிலோ டம்பெல்லில் பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாந்து படுத்து மேலே தள்ளுவது), நாலு மாதம், பத்து எண்ணியதும் கீழே வைத்துவிடுவேன். ஒரு நாள் பக்கத்து பெஞ்சில் இருந்த அண்ணன், "எண்ணாதீங்க, கை நிக்கிற வரைக்கும் போங்க, நான் பிடிச்சுக்கிறேன்" என்றார். பதினெட்டு போனது! நாலு மாதமாகக் காசு கட்டி வெறுமனே கையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

இந்தப் பத்து, மூணு கணக்குக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், அடிபட்ட வீரர்களுக்குப் படிப்படியாக எடையைக் கூட்டிக் கொடுத்துக் கால் பலத்தை மீட்டார், 1945-ல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். அவர் பிற்பாடு சுருக்கிய முறையில்தான் மூன்று செட். பத்து முறைக்கு மேல் தூக்கவே முடியாத எடை எது என்று முதலில் பார்ப்பார். முதல் செட்டில் அதில் பாதி, அடுத்ததில் முக்கால், மூன்றாவதில் முழுசு. வாரா வாரம் அந்த எடையைத் திரும்பச் சோதித்து ஏற்றுவார். நம் ஜிம் வரைக்கும் வந்து சேர்ந்தது பத்தும் மூணும் மட்டும்தான், 'பதினொன்றாவது போகாது' என்ற முக்கியமான பாதி வழியிலேயே விழுந்துவிட்டது.

சரி, என்ன செய்யலாம்? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். போனில் எழுதலாம்தான், ஆனால் போனை எடுத்தால் ரீல்ஸில் பத்து நிமிடம் போய்விடும், என் அனுபவம். ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ், ரோ (எடையை உடம்பை நோக்கி இழுப்பது), ஷோல்டர் பிரஸ் (தலைக்கு மேல் தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்கி நிமிர்வது), இந்த ஐந்து போதும், வாரம் மூன்று நாளில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செட்டிலும் எத்தனை போனது என்று அப்போதே எழுதுங்கள்.

என் நோட்டில் ஷோல்டர் பிரஸ் பக்கம் இப்படி இருக்கும்: 25 கிலோ, 8, 8, 7. அடுத்த வாரம் 9, 8, 8. அதற்கடுத்த வாரம் 9, 9, 8. மூன்று செட்டிலும் 12 வந்த பிறகுதான் எடை ஏறும், ஏறியதும் மறுபடி எட்டுக்கு வந்து நிற்கும். நிறைய லோக்கல் ஜிம்மில் 2.5 கிலோவை விடச் சின்ன ப்ளேட் கிடையாது, இரண்டு பக்கமும் போட்டால் ஒரே தாவலில் 5 கிலோ, அதனால்தான் முதலில் ரெப்பை, அதாவது தூக்கும் எண்ணிக்கையை, ஏற்றச் சொல்கிறேன். முடிந்தால் 1.25 கிலோ ப்ளேட் ஒரு ஜோடி சொந்தமாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அப்புறம் தினமும் ப்ளேட் மாட்டும் ஒரே கம்பியையே (பார்பெல்) எடுங்கள், எல்லாக் கம்பியும் 20 கிலோ இல்லை.

எவ்வளவு கஷ்டப்பட வேண்டும் என்றால், கடைசி ரெப் தானாகவே மெதுவாக ஏற வேண்டும், இன்னும் ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டுதான் போகும் என்கிற இடத்தில் நிறுத்துங்கள். பத்தாவது ரெப்பில் பக்கத்தில் இருப்பவரிடம் கிரிக்கெட் ஸ்கோர் பேச முடிகிறதென்றால் அது செட்டே இல்லை. ஆனால் முதுகு வளைந்தால் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள், பிடிக்க ஆள் இல்லாமல் பார்பெல் பெஞ்ச் பிரஸ்ஸில் கடைசி வரை போகவே போகாதீர்கள். மறுநாள் உடம்பு வலிப்பது நல்ல உழைப்புக்கு அத்தாட்சி இல்லை, புதுசாக எதைச் செய்தாலும் வலிக்கும். மூட்டு வலித்தால் அது வேறு விஷயம், நிறுத்திவிடுங்கள்.

முதல் ஆறேழு வாரத்தில் எடை மளமளவென்று ஏறும், கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. அப்போது ஏறுவது பெரும்பாலும் நரம்பு பழகுவதால் வரும் பலம், தசை பின்னால்தான் வரும். ஆரம்ப சூரர்கள் பாதிப் பேர் இங்கேதான் காணாமல் போகிறார்கள், அடிக்கடி கண்ணாடியைப் பார்ப்பதால். நோட்டைப் பாருங்கள்.

மனசில்லாத நாளில் போய் ஸ்குவாட் மட்டும் இரண்டு செட் போட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள், அதுவும் நோட்டில் ஒரு வரிதான். காய்ச்சலா, படுத்துவிடுங்கள். ஊரில் கல்யாணம், பத்து நாள் போக முடியவில்லையா? அதற்குள் பலம் பெரிதாக எங்கும் ஓடிவிடாது. திரும்பி வரும் அன்று பழைய எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து ஆரம்பியுங்கள், இரண்டு வாரத்தில் விட்ட இடத்துக்கு வந்துவிடலாம். விட்டதைப் பிடிக்கிறேன் என்று அன்றைக்கே பழைய எடையைப் போட்டு, மறுநாள் கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சொல்கிறேன்.