பிளக் உடைந்த பிறகு செய்யக் கூடாதவை

போன மழைக்காலத்தில் ஒரு காலை, தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு முச்சக்கர வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். வண்டிக்காரருக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். என்ஜினுக்குத் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் உடைந்து, அதன் அறுகோணத் தலையைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மரை உள்ள பாதி, சிலிண்டரை மேலே மூடியிருக்கும் ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. அது மட்டும் என்றால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் மனம் கனத்தது. துளையின் விளிம்பெங்கும் உளி பட்ட காயங்கள் புத்தம் புதிதாக மின்னின. "தட்டித் திருப்பினால் வந்துவிடும் என்றார்கள் அண்ணே" என்றார். உடைந்த துண்டை எடுக்க எனக்கு ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. உளி கெடுத்ததைச் சீராக்க ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பவேண்டி வந்தது. லீசிங் கட்டும் வண்டி நான்கு நாள் ஓடாமல் நின்றது.

மலையகத்தில் பிளக்கை அடிக்கடி கழற்ற நேர்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் உள்ளது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கொழும்பில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் வைத்த என்ஜினில் காற்று குறையும்போது கலவையில் பெற்றோல் மிகுந்துவிடும். பிளக்கின் நுனியில் கரி படியும், ஏற்றத்தில் என்ஜின் திணறும். கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் வழியில் வண்டி இடறினால், ஓரங்கட்டி உடனே ஸ்பேனரை எடுப்பதுதான் நம்மவர்களின் பழக்கம். பெரும்பாலான பிளக்குகள், என்ஜின் இன்னும் கொதிக்கும் அந்த நேரத்தில்தான் உடைகின்றன.

ஹெட் அலுமினியம், பிளக்கின் உடல் இரும்பு. சூடேறும்போது அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். துளை பெரிதாகும், ஆகவே சூட்டில்தான் பிளக் எளிதாக வரும் என்று வாதிடுபவர்களைக் கண்டிருக்கிறேன். கணக்கு சரிதான். ஆனால் சூட்டில் அலுமினியத்தின் வலுவும் குறைகிறது. மரைகளுக்கு இடையே கரியும் துருவும் இறுகியிருந்தால், திருப்பும்போது இரும்பு மரை அலுமினிய மரையைச் சுரண்டிக்கொண்டு வரும். என்ஜினைத் தொட்டால் கை பொறுக்கும் வரை ஆறவிடுங்கள். அவசரத்துக்குப் பீலித் தண்ணீரை அள்ளி ஊற்றவே கூடாது. கொதிக்கும் ஹெட்டில் குளிர்நீர் பட்டால் அது கோணலாம், வெடிப்பும் விடலாம்.

சொக்கட்டைச் சாய்வாகப் பிடிப்பது அடுத்த தவறு. இடுக்கில் கையை விட்டு வேலை செய்யும்போது அது தெரியாமலே நடக்கும். பிளக்கில் உள்ள வெள்ளைப் பீங்கான் நேர் அழுத்தத்தைத் தாங்கும், பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. பிளக்குக்கென்று உள்ளே ரப்பர் வைத்த, அளவு சரியான சொக்கட்டைத்தான் போட வேண்டும். கழற்றுமுன் பிளக்கைச் சுற்றியுள்ள சேற்றை ஊதிச் சுத்தம் செய்வதும் முக்கியம். இல்லையென்றால் அவ்வளவும் சிலிண்டருக்குள் போகும்.

சரி, உடைந்தே விட்டது. இனிமேல் செய்யும் தவறுகள்தான் செலவு வைப்பவை.

முதலாவது, ஸ்டார்ட் செய்து பார்ப்பது. அழுத்தத்தில் துண்டு வெளியே பாய்ந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பிளக்கின் பீங்கான் அலுமினாவால் ஆனது, சிலிண்டர் சுவரைவிடக் கடினமானது. அரிசிக் குருணை அளவுத் துகள் ஒன்று உள்ளே விழுந்திருந்தாலும், பிஸ்டன் நாலு தரம் மேலும் கீழும் போனால் சுவரில் கீறல் விழும். வால்வுக்கு அடியில் சிக்கினால் வால்வு மூடாது. போதாததற்குத் திறந்த துளை வழியே பெற்றோல் ஆவி வெளியே அடிக்கும், பக்கத்தில் தீப்பொறி இருக்கும். பற்றரி வயரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு எதையும் தொட வேண்டும்.

உள்ளே விழுந்த துகளைக் காந்தத்தால் எடுக்க முயல்வதும் வீண். பீங்கான் காந்தத்தில் ஒட்டாது. நுனியில் வளைந்திருக்கும் கம்பியும் நிக்கல் கலவை என்பதால் அதையும் நம்ப முடியாது. நான் சேலைன் ஏற்றும் மெல்லிய குழாயைத் தூசி உறிஞ்சியின் வாயில் டேப் சுற்றி இணைத்து, துளைக்குள் விட்டு மெல்லச் சுழற்றி எடுக்கிறேன். குழாய் கண்ணாடிபோல் இருப்பதால் துகள் ஏறி வருவது கண்ணுக்குத் தெரியும்.

மரைத் துண்டை எடுப்பதற்குப் பொறுமை வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஐந்து நிமிடத்தில் திருப்பத் தொடங்குகிறார்கள். மாலையில் விடுங்கள், படுக்கப் போகுமுன் இன்னொரு முறை விடுங்கள், காலையில் கை வையுங்கள். அதன் பிறகு ஈஸி அவுட், அதாவது உடைந்த துண்டை உள்ளிருந்து பிடித்துத் திருப்பி எடுக்கும் கருவி. முறுக்குப் பள்ளம் உள்ள கூம்பு வகையைச் சுத்தியலால் ஆழ அடித்து இறக்குவது பெருந்தவறு. பிளக்கின் மரைப் பகுதி மெல்லிய குழாய். கூம்பு இறங்க இறங்க அது வெளிப்புறமாக விரிந்து மரையோடு இறுகும். நேரான விளிம்புள்ள நான்கு பட்டை ஈஸி அவுட் இதற்கு நல்லது. முனையில் கிரீஸ் தடவினால் உதிரும் தூளை அது பிடித்துக்கொள்ளும். ஒரே மூச்சில் திருப்பாமல், கால் சுற்று தளர்த்தி, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மறுபடியும் தளர்த்த வேண்டும். 'கிறீச்' என்று உலர்ந்த சத்தம் வந்தால் நிறுத்துங்கள். ஈஸி அவுட் துளைக்குள் முறிந்தால் அதைச் சாதாரண டிரில்லால் துளைக்க முடியாது. அந்தக் கட்டத்துக்குப் போவதைவிட ஹெட்டைக் கழற்றுவது மலிவு.

துண்டு வந்த பிறகு மரையைப் பாருங்கள். கரி மட்டும் என்றால் மரை சுத்தம் செய்யும் கருவி போதும். மரை போயிருந்தால் ஹெலிகொயில், அதாவது புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள், வைப்பதுதான் முறையான வைத்தியம். டெஃப்லான் டேப் சுற்றிப் பிளக்கை மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். பிளக் தன் சூட்டையும் மின்சாரத்தையும் ஹெட்டுக்குக் கடத்துவது மரையும் வாஷரும் வழியாகத்தான். டேப் அந்த வழியைக் கெடுக்கும்.

புதிய பிளக்கைக் கையால் மட்டுமே கடைசி மரை வரை ஏற்றுங்கள். தட்டையான வாஷர் உள்ள புதுப் பிளக் என்றால், கை நின்ற இடத்திலிருந்து ஸ்பேனரால் அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று போதும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டோர்க் ரென்ச் இருந்தால் அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீட்டர் மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12க்கு 15 முதல் 20, 10க்கு 10 முதல் 12. செப்புக் கிரீஸைத் தாராளமாக அப்பிவிட்டு அதே அளவுக்கு இறுக்கினால், வழுக்கலால் அளவுக்கு மீறி இறுகிக் கழுத்து நீளும். தலை தனியாகக் கழன்று வரும் பிளக்குகளில் பல இப்படி இறுக்கப்பட்டவைதான்.

முதல் ஏற்றம் ஏறி வந்து என்ஜின் ஆறியதும் பிளக்கின் அடியைப் பாருங்கள். வாஷரைச் சுற்றி ஈரக் கருமை படிந்திருந்தாலோ, ஓடும்போது 'புஸ் புஸ்' என்று கேட்டிருந்தாலோ, அங்கே காற்றுக் கசிகிறது. அதை மேலும் இறுக்கிப் பார்க்காமல் கழற்றி, வாஷர் உட்காரும் இடத்தைத் துடைத்துவிட்டு மீண்டும் கையால் ஏற்றுங்கள்.