முசுறு எறும்பையும் பட்டு அந்துப்பூச்சியையும் ஒப்பிடும் முறை

பெங்களூரில் படிக்கும் நம் பிள்ளைகள் இரண்டு பூச்சிகளை ஒப்பிட்டு எழுத வேண்டியிருந்தால், மாமரத்தில் இலைக்கூடு கட்டும் முசுறு எறும்பையும் மல்பெரிப் பட்டு அந்துப்பூச்சியையும் எடுத்துக்கொள்வது நல்லது. கால், கண், நிறம் என்று பட்டியலிடுவதைவிட, இரண்டுக்கும் பொதுவான பட்டு நூலை மட்டும் பின்தொடர்ந்தால் மற்ற வேறுபாடுகள் தாமாகவே புலப்படும்.

ஒப்பீடு பருவத்துக்குப் பருவமாக அமைய வேண்டும். இரண்டும் முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என நான்கு நிலைகளைக் கடப்பவை. ஆகவே மரமேறும் வேலைக்கார எறும்பைப் பட்டுப்புழுவோடு ஒப்பிடுவது பொருந்தாது. இரண்டிலும் நூல் சுரப்பது புழுதான்.

முசுறு எறும்பைப் பார்க்க, பாதி கட்டிய புதுக்கூடு உள்ள மாங்கிளையைத் தேடுங்கள். வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று இலை விளிம்புகளை இழுத்துப் பிடித்திருக்க, வேறொன்று வாயில் ஒரு புழுவைக் கவ்வி வந்து, அதன் தலையை இரு விளிம்புகளிலும் மாறி மாறித் தொட வைக்கும். தறியில் ஓடும் நாடாவைப் போல அந்தப் புழு போய்வரும் இடமெல்லாம் வெள்ளை நூல் படியும். கூட்டைத் தொடக் கூடாது. கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தையும் பீய்ச்சுவதால் எரிச்சல் கடுமையாக இருக்கும். பிள்ளைகள் சற்றுத் தள்ளி நின்று பைனாகுலரில் பார்ப்பதே சரி.

பட்டுப்புழுவுக்கு ராமநகரம் பக்கமோ ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கமோ உள்ள வளர்ப்பு மனைகளில் அனுமதி கேட்கலாம். நான்கு முறை தோலுரித்து முதிர்ந்த புழு, கூடு கட்டுவதற்கென வைக்கும் மூங்கில் தட்டான சந்திரிகையில் ஏறியதும் தலையை 8 வடிவில் அசைத்து, பல நூறு மீட்டர் நீளமுள்ள ஒரே இழையால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும்.

குறிப்பேட்டில் விரிவாக எழுத வேண்டியது இதைத்தான்: பட்டுப்புழு தன் நூல் முழுவதையும் தனக்கே செலவிடுகிறது, முசுறுப் புழுவோ அதைக் குடும்பத்தின் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, தனக்கென உறையில்லாமல் வெறும் உடலாகவே கூட்டுப்புழுவாகிறது.

முதிர்பூச்சிகளைப் பற்றிச் சுருக்கமாக எழுதினால் போதும். பட்டு அந்துப்பூச்சிக்குச் சிறகிருந்தும் பறக்க இயலாது, உணவும் உண்ணாது. முசுறு இனத்தில் ராணிக்கும் ஆணுக்கும் மட்டுமே சிறகு முளைக்கும். அந்துப்பூச்சி வெளிவருவதைக் காண விரும்பினால் முட்டைக்காக உயிரோடு விட்டுவைக்கும் விதைக்கூடாகக் கேட்டு வாங்குங்கள். நூற்புக்காக அவித்த கூட்டில் உயிர் இருக்காது.