டிபியும் யூசர்நேமும் வைப்பது எப்படி: வட்டத்துக்குள் முகம், பதினைந்து எழுத்துக்குள் பெயர்

திருப்பூரில் பனியன் ஆர்டர் எடுப்பவர், பொள்ளாச்சியிலிருந்து இளநீர் அனுப்புபவர், கோவையில் வேலை தேடும் இன்ஜினியரிங் பட்டதாரி, ஈரோட்டில் பேரப்பிள்ளைகளோடு பேச மட்டும் வாட்ஸ்அப் வைத்திருக்கும் பாட்டி. இவர்கள் நாலு பேருக்கும் ஒரே மாதிரி படமும் பெயரும் பொருந்தாது. அதனால் கேமராவைத் தொடும் முன்பே இரண்டு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் உங்களை யார் அடையாளம் காண வேண்டும்? யார் காணக் கூடாது? இது தெளிவாகாமல் வைக்கிற டிபி, அதாவது கணக்கின் முகப்புப் படம், எவ்வளவு அழகாக இருந்தாலும், பார்க்கிறவர் "இது யாருங்க?" என்று கேட்கத்தான் செய்வார்.

படம்

நீங்கள் ஏற்றுவது சதுரப் படம், செயலி காட்டுவது வட்டம். சதுரத்துக்குள் வட்டம் போட்டால் பரப்பில் 21 சதவீதத்துக்கு மேல் நாலு மூலையிலும் வெட்டுப்படும். மூலையில் எழுதிய கடைப்பெயர், ஓரத்தில் நிற்பவர், மேல்விளிம்பை ஒட்டிய தலைமுடி எல்லாம் அதோடு போய்விடும். மிஞ்சும் வட்டமும் சாட் பட்டியலில் கட்டைவிரல் நகத்தின் அளவைத் தாண்டாது. ஒரு தலை, இரண்டு தோள் மட்டுமே அதில் தெளிவாக அடங்கும். முகம் வட்டத்தின் உயரத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். உச்சந்தலைக்கு மேலே கொஞ்சம் இடம் விடுங்கள். மருதமலைப் படிக்கட்டில் நின்று எடுத்த முழு உருவப் படம் ஆல்பத்துக்கு நன்றாக இருக்கும். டிபியில் ஆள் ஒரு வெள்ளைக் கோடாகத்தான் தெரிவார்.

கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெரிதாகவும் காது பின்வாங்கியும் தெரிவதற்குக் காரணம் தூரம். கேமரா ஒன்றரை அடியில் இருக்கும்போது காதைவிட மூக்கு அதற்கு மிக அருகில் இருக்கிறது. வேறொருவர் கையில் போனைக் கொடுத்து ஐந்தாறு அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பின்பக்கக் கேமரா, இரண்டு மடங்கு ஜூம், உங்கள் கண் உயரத்தில் லென்ஸ். எடுக்கும் முன் லென்ஸைத் துடைப்பது முக்கியம். தறிக்கூடத்திலும் மஞ்சள் மண்டியிலும் புழங்கும் போனில் பஞ்சும் தூளும் விரல் எண்ணெயும் சேர்ந்து படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் படம் முழுக்கப் புகை மூடியதுபோல் வரும். சுத்தமான பருத்தித் துணியால் ஒரு துடைப்பு போதும்.

நடுப்பகல் வெயிலில் கண்குழியும் மூக்கின் அடியும் கறுத்துவிடும். காலை 7 முதல் 9 வரை, மாலை 4.30 முதல் 6 வரை நல்ல வெளிச்சம். அந்த நேரம் கிடைக்காவிட்டால் திண்ணை நிழலிலோ வாசல்படி உட்புறத்திலோ நின்று வெளியே வானத்தைப் பார்த்தபடி எடுங்கள். மெல்லிய வெளிச்சம் முகம் முழுக்கச் சமமாக விழும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் இருண்டுவிடும். நம் பக்கம் ஆண்களில் பலருக்கு வெள்ளைச் சட்டைதான் நல்ல உடை. வெள்ளைச் சுவர் முன்னால் அது நின்றால் தோள் எங்கே முடிகிறது என்றே தெரியாது. செங்கல் சுவர், கரும்பச்சைக் கதவு, தள்ளி நிற்கும் தென்னை என்று கொஞ்சம் அடர்ந்த பின்னணி பாருங்கள்.

பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். நிறத்தை வெளுத்துத் தாடையை ஒடுக்கிய படத்தைப் பார்த்துவிட்டு நேர்காணலுக்கோ சந்தைக்கோ வருகிறவர், உங்களை எதிரில் வைத்துக்கொண்டே போனில் தேடுவார். நம் மாநிறத்தை அப்படியே காட்டும் படம் அழகானது, பயனுள்ளதும் அதுதான்.

கணவன் மனைவி இருவர் எண்ணிலும் ஒரே ஜோடிப் படம் இருந்தால் எது யாருடைய எண் என்று உறவினருக்குக் குழப்பம். இருவரும் இருக்கட்டும், ஆனால் எண்ணுக்குரியவர் நடுவில் வரும்படி தனித்தனியாக வெட்டிக்கொள்ளுங்கள். குலதெய்வம், சிவன்மலை முருகன், தீரன் சின்னமலை, காங்கேயம் காளை ஆகிய படங்களை வைப்பவர்கள் ஏராளம். மனதுக்குப் பிடித்ததை வைப்பதில் தவறே இல்லை. ஒரே குழுவில் ஆறு பேர் அதே முருகனை வைத்திருக்கும்போது ஆளைப் பிரித்துக் காட்டப் படம் உதவாது, அந்த வேலை முழுவதும் பெயர் மேல் விழும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

கடைக்கும் தொழிலுக்கும் ஒரே ஒரு பொருளைக் காட்டுங்கள். தேங்காய் வியாபாரிக்கு முழுத் தோப்பு வேண்டாம், ஒரு குலை போதும். சென்னிமலை பெட்ஷீட்டுக்கு அலமாரி நிறைய அடுக்கியது வேண்டாம். ஒன்றை மடித்து, கரையும் கட்டமும் தெரியும்படி நெருங்கி எடுங்கள். மாடு விற்பவர் முழு மாட்டையும் பக்கவாட்டில் எடுத்தால் அகலம் அதிகமாகி வட்டத்தில் சிறுத்துவிடும். முன்பக்கம் சற்றுச் சாய்வாக நின்று கொம்பு, முகம், திமில் மூன்றும் வரும்படி எடுத்தால் வட்டம் நிறையும், சாதியும் சுழியும் தெரிந்தவர்கள் அங்கேயே விசாரிப்பார்கள். விசிட்டிங் கார்டைப் போட்டோ எடுத்து டிபியாக வைப்பது வீண். அதில் ஒரு எழுத்தும் படிக்க முடியாது. லோகோ வேண்டுமென்றால் ஒரே எழுத்து அல்லது ஒரே உருவம், இரண்டு நிறம்.

ஏற்றும் கோப்பு 800 × 800 பிக்சல் சதுரமாக இருந்தால் எல்லா இடத்துக்கும் பொருந்தும். யூடியூப் கேட்பது அந்த அளவு; எக்ஸ் தளத்துக்கும் லிங்க்ட்இன்னுக்கும் 400 × 400 போதும். ஸ்டுடியோக்காரர் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தரம் குறைந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். வைத்த பிறகு போனைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். யார் என்று ஒரு நொடியில் தெரியவில்லையானால் இன்னும் நெருக்கி வெட்ட வேண்டும்.

பொங்கல் வாழ்த்து, தேர்த் திருவிழா, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றையும் ஸ்டேட்டஸில் போடுங்கள். 24 மணி நேரத்தில் தானே போய்விடும். டிபி நிலையாக இருக்க வேண்டியது. வீட்டுப் பெரியவர்கள் பலர் பெயரைப் படிப்பதில்லை, படத்தைப் பார்த்துத்தான் தொடுவார்கள். வாரம் ஒரு படம் மாற்றினால் அவர்கள் தவித்துப்போவார்கள்.

காட்டும் பெயர்

வாட்ஸ்அப்பில் நீங்கள் வைக்கும் பெயர் முக்கியமாகத் தெரிவது, உங்கள் எண்ணைச் சேமிக்காதவர்களுக்கு. குழுவில் எண்ணோடு ~ குறி போட்டு வருவது அதுதான். கல்யாண வேலைக்கென்று தொடங்கிய குழுவில் நாலு கார்த்தி இருந்தால் வெறும் 'கார்த்தி' யாருக்கும் உதவாது. பெயரோடு ஊரோ தொழிலோ ஒன்று சேருங்கள்: கார்த்தி காங்கேயம், செந்தில் மோட்டார், தனலட்சுமி டெய்லர். 'கு. செந்தில்' என்று இனிஷியலை முன்னால் போட்டால் பட்டியலில் 'கு' வரிசையில் போய் நிற்பீர்கள், தேடுகிறவர் 'செ' வரிசையில் பார்ப்பார். 'செந்தில் கு.' என்று பின்னால் போடுவது நல்லது.

வாட்ஸ்அப் பெயருக்கு 25 குறிகள் வரைதான். தமிழில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியாக எண்ணப்படும். 'பெருந்துறை மஞ்சள் மண்டி' கண்ணுக்கு 12 எழுத்து. கணக்கில் இடைவெளியோடு 23. அதற்கு மேல் முதலாளி பெயர் நுழையாது. தட்டும்போது பக்கத்தில் குறைந்துகொண்டே வரும் எண்ணைப் பாருங்கள், மிச்ச விவரத்தை 139 குறிகள் கொள்ளும் 'அறிமுகம்' பகுதியில் எழுதுங்கள்.

தமிழில் எழுதும்போது ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது, கண்ணுக்கு அது தெரிவதே இல்லை. கௌதம் என்ற பெயரை 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டு எழுதிவிடுவார்கள். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் தேடினால் சிக்காது. பெயரின் முதல் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை அழித்துப் பாருங்கள். 'கெ' மிஞ்சினால் தப்பாகத் தட்டியிருக்கிறீர்கள். 'கவுதம்' என்று எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பூப்போட்ட ஆங்கில எழுத்துகளில் பெயர் வைக்கும் செயலிகள் உண்டு. அவை பெரும்பாலும் யூனிகோடில் (கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறிமுறையில்) கணிதத்துக்காக வைத்திருக்கும் குறிகள். தேடலில் வராமல் போகலாம், பழைய போனில் கட்டம் கட்டமாகத் தெரியும், பார்வையற்றவர்களுக்குப் படித்துக்காட்டும் மென்பொருள் அவற்றைத் தாண்டிவிடும் அல்லது உளறும். உங்கள் பெயர் எல்லாருக்கும் கேட்க வேண்டும். சாதாரண எழுத்திலேயே வையுங்கள்.

பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் சேர்ப்பது இணையத்தில் பெருகியிருக்கிறது. வேலை, வியாபாரம், பொதுக்குழு எதற்கான கணக்கிலும் அது வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. முதல் பார்வையிலேயே ஒருவரை வெளியே நிறுத்தும் பெயர், பெயர் செய்ய வேண்டிய வேலைக்கு நேர் எதிரானது. கட்சிக்கொடிக்கும் இதே யோசனைதான்.

பணம் வாங்கும் கணக்கென்றால் இன்னொன்று. யுபிஐயில் பணம் போடுகிறவருக்கு வங்கிக் கணக்கில் உள்ள பெயர்தான் வரும். டிபியில் 'அமராவதி சில்க்ஸ்', பணம் போகும்போது அம்மாவின் பெயர் என்றால் வாங்குகிறவர் அங்கேயே நின்றுவிடுவார். "பணம் அனுப்பும்போது இந்தப் பெயர் வரும்" என்று அறிமுகத்திலேயே எழுதிவையுங்கள்.

யூசர்நேம்

காட்டும் பெயர் வேறு, யூசர்நேம் வேறு. இது கணக்கைத் தேடிப் பிடிக்க உதவும் தனிப்பெயர். இன்ஸ்டாகிராமில் 30 எழுத்து வரை. எழுத்து, எண், புள்ளி, அண்டர்ஸ்கோர் செல்லும். எக்ஸ் தளத்தில் 15 மட்டுமே, புள்ளி கூடாது. டெலிகிராமில் குறைந்தது 5, அங்கும் புள்ளி கிடையாது, எண்ணில் தொடங்க முடியாது. இம்மூன்றிலும் ஆங்கில எழுத்துதான். யூடியூபில் ஹேண்டில் எனப்படும் யூசர்நேமை மட்டும் தமிழிலேயே வைக்கலாம். எல்லா இடத்திலும் ஒரே பெயர் வேண்டுமென்றால் கணக்கு தானே வந்துவிடுகிறது: 5 முதல் 15 வரை, ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும், முதலில் எழுத்து.

எந்த ஸ்பெல்லிங்? 'செந்தில்' என்பதில் 'டி'க்குப் பிறகு 'ஹெச்' போடுபவர் உண்டு, போடாதவர் உண்டு. 'ழ'வுக்கு 'இசட் ஹெச்' என்பார்கள் சிலர், வெறும் 'எல்' என்பார்கள் சிலர். ஐந்து பேருக்குப் போன் செய்து பெயரை வாயால் சொல்லித் தட்டச் சொல்லுங்கள். அதிகம் பேர் தட்டிய ஸ்பெல்லிங்கை எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் சரியென்று நினைப்பது வேறாக இருந்தாலும். வேலைக்கான கணக்கென்றால் மட்டும் சான்றிதழில் உள்ள ஸ்பெல்லிங்கை விடாதீர்கள்.

கேட்ட பெயர் ஏற்கெனவே போயிருந்தால் பலரும் பிறந்த ஆண்டைச் சேர்ப்பார்கள். வேண்டாம், வயதை ஊருக்கே சொல்வதோடு பாஸ்வேர்டு ஊகிப்பவர்களுக்குத் துப்பும் கொடுக்கிறது. நம் பையன்கள் சேர்க்கும், வண்டிப் பதிவில் வரும் ஊர்க் குறியீட்டு எண் அதைவிட நல்ல வழி. ஈரோட்டுக்கு 33, கோவைக்கு 37 அல்லது 38, திருப்பூருக்கு 39, பொள்ளாச்சிக்கு 41, கரூருக்கு 47. இரண்டே எண், உள்ளூர்க்காரருக்கு உடனே புரியும், உங்களைப் பற்றி வேறெதுவும் வெளியே போகாது. ஊர்ப் பெயரைப் பொருளோடு சேர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஈரோடு மஞ்சள், பவானி ஜமுக்காளம், கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் போன்றவை புவிசார் குறியீடு பெற்றவை. அந்த ஊரில் விளையாத, செய்யாத பொருளை விற்கும் கணக்குக்கு அந்தப் பெயரை வைத்தால் சட்டச் சிக்கல் வரும்.

யார் பார்க்கக் கூடாது

வாட்ஸ்அப்பில் அமைப்புகள், தனியுரிமை, சுயவிவரப் படம் என்று போய் 'என் தொடர்புகள்' கொடுத்தால் நீங்கள் சேமித்த எண்களுக்கு மட்டும் படம் தெரியும். வீட்டு எண்ணுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதுதான் சரி. கடை எண்ணுக்கு இதை வைத்துவிட்டு "புது ஆள் யாருமே பேசுவதில்லை" என்று கவலைப்படுபவர்கள் உண்டு. புது வாடிக்கையாளரை நீங்கள் சேமித்திருக்க மாட்டீர்கள், அவருக்கு வெற்று வட்டம்தான் தெரியும். கடைக்கு 'எல்லோரும்' வையுங்கள். இன்ஸ்டாகிராமில் கணக்கைப் பிரைவேட் ஆக்கினாலும் படமும் பெயரும் பயோவும் (அறிமுக வரிகளும்) எல்லாருக்கும் தெரியும். ஃபேஸ்புக்கில் புரொஃபைலைப் பூட்டினால் நண்பர் அல்லாதவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க முடியாது.

படத்தின் பின்னணியையும் ஒருமுறை பாருங்கள். குழந்தையின் சீருடை பள்ளியைச் சொல்லும், பைக் நம்பர் ப்ளேட்டும் வீட்டுக் கதவு எண்ணும் மீதியைச் சொல்லும். முகம் காட்ட விருப்பமில்லாதவர்கள் காட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கோலம், செம்பருத்தி, தாங்கள் தைத்த பிளவுஸின் கைவேலை என்று வேறு யாரிடமும் இல்லாத ஒரு படத்தைத் தாங்களே எடுத்து வைத்தால் அடையாளமும் கிடைக்கும், முகமும் வெளியே போகாது.

உங்கள் படத்தையும் பெயரையும் போட்டு வேறு எண்ணிலிருந்து யாராவது பணம் கேட்டால், முதலில் அந்த எண்ணும் கணக்கும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். செயலியிலேயே புகார் கொடுத்துவிட்டு, ஸ்டேட்டஸில் "இது நான் இல்லை" என்று உடனே போடுங்கள். யாராவது பணம் போட்டுவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

மாற்ற வேண்டி வந்தால்

ஃபேஸ்புக்கில் பெயரை ஒருமுறை மாற்றினால் அடுத்த 60 நாளைக்கு மாற்ற முடியாது. இன்ஸ்டாகிராமில் 'இந்தக் கணக்கைப் பற்றி' என்ற பகுதியில் பழைய யூசர்நேம்கள் எத்தனை என்பது தெரியலாம். அடிக்கடி பெயர் மாறிய கணக்கென்றால் பணம் போடுகிறவர் யோசிக்கலாம். ஆகவே மாற்றும் முன் பழைய பெயர் எங்கெல்லாம் அச்சாகியிருக்கிறது என்று பட்டியல் எடுங்கள்: கட்டைப்பை, பில் புத்தகம், கடை போர்டு, வேன் கதவு. மாற்றிய அன்றே பழைய பெயரைப் புதுப் பெயரோடு சேர்த்துப் பயோவில் எழுதுங்கள். பழைய பெயர் விடுபட்டதும் அதிலேயே ஒரு காலிக் கணக்கைத் திறந்து, புது யூசர்நேமை மட்டும் அதில் எழுதிவையுங்கள். பழைய கட்டைப்பையைப் பார்த்துத் தேடுகிறவர் வேறு யாருடைய கடைக்கும் போகாமல் உங்களிடம் வந்து சேர்வார்.