வீடு தேடுபவர் டிக்கெட் போட மாட்டார்: மனை, வீடு விளம்பரத் தளத்தில் எந்த வேலையை முதலில் எடுப்பது என்பதில் நடக்கும் தவறுகள்

வீடு, மனை விளம்பரத் தளம் ஒன்றின் டெவலப்மென்ட் டீமில் சில வருடங்கள் இருந்தேன். ஒன்றுவிட்டு ஒரு திங்கட்கிழமை காலையில் கூட்டம் நடக்கும். அடுத்த இரண்டு வாரத்துக்கு என்ன வேலை எடுப்பது என்று அதில்தான் முடிவாகும். எக்செல் ஷீட்டைத் திறந்தால் வரி வரியாக ஓடும். பில்டர் லோகோ பெரிதாகத் தெரிய வேண்டும், புரோக்கருக்குத் தனி டேஷ்போர்டு வேண்டும், மேப்பில் மெட்ரோ ஸ்டேஷன் வேண்டும், டார்க் மோட் வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே கேட்டவரின் பெயர் இருக்கும். சேல்ஸ், மார்க்கெட்டிங், முதலாளி, பெரிய பில்டர். வீடு தேடி வந்தவர் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை என்பது எனக்கு உறைக்கவே ரொம்ப நாள் ஆனது.

வீடு தேடுபவர் டிக்கெட் போட மாட்டார், அதாவது நமக்குப் புகார் எழுத மாட்டார். மூன்று நம்பருக்குப் போன் போடுவார். மூன்றிலும் "அது முடிஞ்சிடுச்சு சார், வேற காட்டட்டுமா?" என்று பதில் வரும். ஆப்பை மூடிவிட்டு, மச்சானுக்குத் தெரிந்த புரோக்கரைப் பார்க்கப் போய்விடுவார். அவர் போனது நம் ஷீட்டில் எந்த வரியிலும் வராது. வேலைகளை வரிசைப்படுத்துவதில் நான் பார்த்த தவறுகள், நானே செய்தவையும் சேர்த்து, பெரும்பாலும் இந்த இடத்தில் இருந்துதான் கிளம்பின.

சத்தம் கேட்கும் பக்கம் ஓடுவது

பணம் கட்டும் பில்டர் போன் போட்டு சத்தம் போட்டால் அந்த வேலை முதலிடத்துக்கு வந்துவிடும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, சம்பளம் அவர் தருகிற பணத்தில்தான் வருகிறது. ஆனால் அவர் பணம் கட்டுவது வீடு தேடும் கூட்டம் நம் தளத்துக்கு வருவதால். கூட்டம் கரைந்தால் லோகோ எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அடுத்த வருடம் அவர் வரமாட்டார்.

வாய் திறந்து கேட்காதவர்களும் தடம் விட்டுத்தான் போகிறார்கள். அந்தத் தடத்தை யாரும் ஷீட்டில் ஏற்றுவதில்லை, அவ்வளவுதான். முடிவே வராத தேடல்களை வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். "கே.கே. நகர்" என்று ஒருவர் தேடியிருப்பார். சென்னையிலும் கே.கே. நகர் உண்டு, மதுரையிலும் உண்டு, திருச்சியிலும் உண்டு. மதுரைக்காரருக்கு சென்னை வீட்டைக் காட்டினால் அவர் இரண்டாம் முறை தேட மாட்டார். பெருங்குடி என்றால் சென்னை ஓஎம்ஆர் ஞாபகம் வரும், மதுரை விமான நிலையத்துப் பக்கமும் ஒரு பெருங்குடி இருக்கிறது. குரோம்பேட்டையை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு ஸ்பெல்லிங்கில் அடிப்பார்கள். ஊர்ப் பெயர்களுக்கு மாற்று எழுத்துகளைச் சேர்ப்பது கூட்டத்தில் கைதட்டல் வாங்கும் வேலை இல்லை. ஆனால் ஒரு ஆள் உட்கார்ந்து செய்தால், அன்றைக்கே தேடுபவருக்கு வித்தியாசம் தெரியும்.

"அது ஆபரேஷன்ஸ் வேலை, சாஃப்ட்வேர் இல்லை"

விற்றுப்போன வீடு தளத்தில் தொங்கிக்கொண்டே இருப்பதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் இந்தப் பதில்தான் வரும். என் கணக்கில் இதுதான் இருப்பதிலேயே விலை கூடிய தவறு.

விளம்பரத்தை எடுக்க வேண்டியவர் புரோக்கர். அவர் ஏன் எடுக்க வேண்டும்? வேளச்சேரியில் மலிவாகத் தெரியும் ஒரு டபுள் பெட்ரூம் வீடு போன வாரமே வாடகைக்குப் போய்விட்டது. ஆனால் அந்த விளம்பரத்துக்கு இன்னும் தினமும் போன் வருகிறது. வருகிற ஆட்களுக்கு வேறு வீட்டைக் காட்டலாம். அவருக்கு அது செத்த விளம்பரம் இல்லை, தூண்டிலில் மாட்டிய புழு. "உங்கள் வீடு விற்றுவிட்டதா? தயவுசெய்து புதுப்பிக்கவும்" என்று இமெயில் அனுப்பினால் அவர் ஏன் திறக்கப்போகிறார்? நாங்கள் அப்படித்தான் அனுப்பினோம், ஒரு பயனும் இல்லை. அப்புறம் இமெயிலின் வாசகத்தை அழகாக மாற்றினோம். அதற்கும் ஒரு வாரம் போனது.

அவர் சும்மா இருந்தால் அவருக்கே நஷ்டம் என்று ஆக்கினால்தான் நகருவார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: வீட்டின் படம், கீழே "இருக்கிறது", "முடிந்துவிட்டது" என்று இரண்டு பட்டன். அழுத்தவில்லை என்றால் விளம்பரம் பட்டியலில் கீழே இறங்க வேண்டும். இன்னும் சில நாள் போனால் தானாக மறைய வேண்டும். மறுபக்கம், போன் பேசி முடித்தவரிடம் "வீடு இருக்கிறதாமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். இரண்டு மூன்று பேர் இல்லை என்று சொன்னால் போட்டவரிடம் உறுதி கேட்டுவிட்டு நிறுத்திவைக்கலாம். எந்த வீடு எப்போது கடைசியாக உறுதியானது என்ற தேதியை விளம்பரத்திலேயே காட்டலாம். இவை எல்லாமே சாஃப்ட்வேர் வேலைதான்.

பிறகு ஏன் யாரும் எடுப்பதில்லை? எடுத்தால் தளத்தில் உள்ள மொத்த விளம்பரங்களின் எண்ணிக்கை இறங்கும். அந்த எண்தான் முதலீட்டாளருக்குக் காட்டும் முதல் ஸ்லைடில் இருக்கிறது. இறங்கும் எண்ணுக்குப் பொறுப்பேற்க எந்த மேனேஜரும் முன்வர மாட்டார். ஆகவே இந்த வேலை வரிசையில் மேலே வர வேண்டுமென்றால் முதலில் அந்த ஸ்லைடை மாற்ற வேண்டும்: மொத்த விளம்பரங்கள் என்பதற்குப் பதில், கடந்த பதினைந்து நாளில் உறுதியான விளம்பரங்கள்.

சந்தேகமாக இருந்தால் இன்றைக்கே உங்கள் தளத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருபது விளம்பரங்களை எடுத்து, வீடு தேடுபவர் போல நீங்களே போன் செய்யுங்கள். முதலாளியையும் பக்கத்தில் உட்காரவைத்து ஸ்பீக்கரில் போடுங்கள். எத்தனை சார்ட் போட்டும் நகராத வேலை, அந்த அரை மணி நேரத்தில் நகர்ந்துவிடும்.

சென்ட்டும் சதுர அடியும்

மனை விற்பவர் ஒருவர் பரப்பு என்ற பெட்டியில் 5.5 என்று அடிக்கிறார். அவர் கோயம்புத்தூர்ப் பக்கம், மனதில் இருப்பது சென்ட். பெட்டி எதிர்பார்ப்பதோ சதுர அடி. விலை 33 லட்சம். சிஸ்டம் கூசாமல் வகுத்து, சதுர அடி 6 லட்சம் ரூபாய் என்று காட்டுகிறது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அதனால் மனை உண்மையில் சுமார் 2,396 சதுர அடி, விலையும் சதுர அடிக்கு 1,400 ரூபாய்க்குள்தான். ஆனால் சதுர அடி விலை குறைந்ததிலிருந்து அடுக்கினால் அது கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும். எதிர்த் தவறும் நடக்கும். சென்னைக்காரர் ஒருவர் தன் ஒரு கிரவுண்டை, அதாவது 2,400 சதுர அடியை, 2400 என்று அடித்து, அலகில் சென்ட்டைத் தொட்டுவிட்டால், 24 ஏக்கர் நிலம் ஒரு கிரவுண்டு விலைக்கு முதல் பக்கத்தில் வந்து உட்காரும். இன்னொரு வேடிக்கை: பெட்டிக்கு "ஏரியா" என்று பெயர் வைத்தால் பாதிப் பேர் அதில் "மேடவாக்கம்" என்று எழுதுவார்கள். நம் பேச்சில் ஏரியா என்றால் இடம்தானே.

இதெல்லாம் சின்ன பக் என்ற தலைப்பில் அடியில் கிடக்கும். ஆனால் ஃபில்டர், வரிசை, மேப், ஒப்பீடு, நாளைக்குச் செய்யப்போவதாகச் சொல்லும் ஏஐ பரிந்துரை எல்லாமே இந்த ஒரு பெட்டியின் மேல்தான் நிற்கின்றன. அலகைக் கட்டாயமாக்குவது, நம்ப முடியாத எண் வந்தால் "5.5 சென்ட்டா?" என்று திருப்பிக் கேட்பது, பழைய டேட்டாவைச் சலித்தெடுப்பது ஆகியவை மேலே கட்டும் எதற்கும் முன்னால் வர வேண்டும். வீடுகளிலும் இதே கதை. ஒருவர் போடுவது வீட்டுச் சுவர்களுக்குள் இருக்கும் தரையை மட்டும் கணக்கிடும் கார்பெட் ஏரியா, இன்னொருவர் போடுவது லிஃப்ட், படிக்கட்டு எல்லாம் சேர்ந்த சூப்பர் பில்ட்-அப். இரண்டையும் ஒரே ஃபில்டரில் போட்டால், உண்மையைச் சொன்னவரின் வீடு சின்னதாகத் தெரியும்.

லீட் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது

ஒரு மாற்றம் நல்லதா என்று அளக்க எல்லாரும் எடுக்கும் அளவுகோல் லீட், அதாவது எத்தனை பேர் "தொடர்பு கொள்ள" பட்டனை அழுத்தினார்கள் என்பது. இதில் ஒரு பொறி இருக்கிறது. விளம்பரத்தில் தகவலைக் குறைத்தால் லீட் கூடும். விலையை எடுத்துவிட்டு "விலை கேட்டறியவும்" என்று போட்டால் எல்லாரும் போன் செய்துதானே ஆக வேண்டும்? பட்டா இருக்கிறதா, மனைக்கு அரசின் நகரமைப்பு அமைப்புகளான சிஎம்டிஏ அல்லது டிடிசிபி அங்கீகாரம் உண்டா, தண்ணீர் போரா மெட்ரோ வாட்டரா, இவற்றைத் தெளிவாகக் காட்டினால் ஒத்துவராதவர்கள் போன் செய்ய மாட்டார்கள், லீட் இறங்கும். ஏ/பி டெஸ்ட் போட்டு, அதாவது பாதிப் பேருக்குப் பழையதையும் பாதிப் பேருக்குப் புதியதையும் காட்டி, லீட்டை மட்டும் பார்த்தால், தளத்தைக் கெடுக்கும் மாற்றம் ஒவ்வொரு முறையும் ஜெயிக்கும். ஒரே லீட்டைப் பத்து புரோக்கர்களுக்குக் கொடுத்தாலும் எண் கூடும். சாயங்காலத்துக்குள் அந்த மனிதரின் போன் பத்து தடவை அடித்திருக்கும். அடுத்த முறை அவர் தப்பான நம்பரைத்தான் கொடுப்பார்.

நேரில் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது இதைவிட நல்ல அளவு. கணக்கெடுப்பது கஷ்டம், முழுமையாகவும் கிடைக்காது. ஆனாலும் ஒரு மாதிரிக்காவது கேட்டு வாங்கலாம்.

மதிப்பெண் அட்டவணையை நம்பி உட்காருவது

இன்டர்காம் நிறுவனம் பரப்பிய ரைஸ் முறை பலருக்கும் தெரிந்திருக்கும். எத்தனை பேரைத் தொடும், எவ்வளவு பயன், நமக்கு எவ்வளவு நம்பிக்கை என்ற மூன்றையும் பெருக்கி, உழைப்பால் வகுப்பது. முறை நல்லதுதான். ஆனால் நான்கு எண்களும் அனுமானம், அனுமானத்தை அனுமானத்தால் பெருக்கி வரும் 41.6 என்ற விடைக்கு ஒரு அறிவியல் தோரணை வந்துவிடுகிறது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் தனக்குப் பிடித்த வேலை மேலே வரும்வரை நம்பிக்கை எண்ணை ஏற்றிக்கொண்டே போவார். அந்த ஒருவர் சில சமயம் நான்.

சட்டக் கட்டாயத்தை இந்த அட்டவணையில் போடுவது அதைவிட மோசம். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, அந்தச் சட்டத்தின் ஆணையமான ரெராவில் பதிவு செய்யாத புதுத் திட்டத்தை பில்டர் விளம்பரமே செய்யக் கூடாது. 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டேகால் கிரவுண்டுக்கு மிகாத நிலம், அல்லது எட்டுக்கு மிகாத வீடுகள் என்றால் விலக்கு உண்டு. பதிவான திட்டத்தின் விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் இருக்க வேண்டும். பொறுப்பு பில்டருடையதுதான், ஆனால் நம் படிவத்தில் அதற்குப் பெட்டியே இல்லை என்றால் அவர் எங்கே எழுதுவார்? மறுவிற்பனை வீடுகளே அதிகம் உள்ள தளத்தில் இந்த வேலைக்கு "எத்தனை பேர்" எண் குறைவாக வரும், பட்டியலில் அடியில் கிடக்கும். இப்படிப்பட்டவற்றைத் தனியாக எடுத்து தேதி போட்டு முடிக்க வேண்டும், மதிப்பெண் போடவே கூடாது.

விலை சொல்லும் இயந்திரம்

"இந்த வீட்டின் சரியான விலை என்ன என்று நம் தளமே சொல்ல வேண்டும்" என்ற ஆசை எல்லா நிறுவனத்திலும் ஒருநாள் வரும். அமெரிக்காவில் ஜில்லோ நிறுவனம் 2006-லிருந்து இதைச் செய்கிறது. அங்கே விற்ற விலை பல மாநிலங்களில் பொதுப் பதிவிலேயே கிடைக்கிறது. அப்படிப்பட்ட நிறுவனமே கணிப்பை நம்பி வீடுகளை வாங்கி விற்கும் பிரிவை நடத்தி, விலை எப்படிப் போகும் என்று சரியாகக் கணிக்க முடியவில்லை என்று சொல்லி 2021 நவம்பரில் அதை மூடுவதாக அறிவித்தது. கையிருப்பு வீடுகளின் மதிப்பில் 30 கோடி டாலருக்கு மேல் குறைத்து எழுதியது, ஊழியர்களில் சுமார் கால்வாசிப் பேரை அனுப்புவதாகவும் சொன்னது. நம் ஊரில் பத்திரத்தில் எழுதும் தொகை பெரும்பாலும் அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே இருக்கும், கைமாறிய தொகை வேறாக இருக்கும். தளத்தில் இருப்பதோ விற்பவர் கேட்கும் விலை. கேட்கும் விலையை வைத்துக் கணித்தால், கேட்பவர்களின் ஆசைதான் சராசரியாக வரும். சென்ட் பெட்டியைச் சரிசெய்யாமல் இதில் இறங்கியவர்களின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

மொத்த சிஸ்டத்தையும் புதிதாக எழுதிவிடலாம் என்ற யோசனையும் இதே ரகம். எழுதி முடிக்கும்வரை பழைய தளத்தில் எந்தக் குறையும் தீராது, முடியும் தேதியும் தள்ளிக்கொண்டே போகும். தேடல் பகுதியை மட்டும், படம் ஏற்றும் பகுதியை மட்டும் என்று துண்டு துண்டாக மாற்றுங்கள். படம் ஏற்றுவதில் தொடங்கினால் இன்னும் நல்லது. பொள்ளாச்சிக்கு வெளியே ஒரு தோப்பில் நின்றுகொண்டு, சிக்னல் ஒரு கோடு இருக்கும் போனில் பத்து படம் ஏற்றும் ஏஜென்டை நினைத்துப் பாருங்கள். எட்டாவது படத்தில் அறுந்து, முதலிலிருந்து தொடங்கச் சொன்னால், அடுத்த விளம்பரத்தை அவர் ஒரே ஒரு மங்கலான படத்தோடு முடித்துவிடுவார்.

கடைசியாக அந்த எக்செல் ஷீட். எதையும் அழிக்கக் கூடாது என்று எங்களுக்கு ஒரு எழுதாத சட்டம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போனவர் கேட்ட வரிகூட அதில் இருந்தது. ஒருநாள் ஆறு மாதத்துக்கு மேல் யாரும் தொடாத வரிகளை எல்லாம் வேறு ஷீட்டுக்கு மாற்றினேன். யாராவது தேடிக்கொண்டு வருவார்கள் என்று காத்திருந்தேன். டார்க் மோட் கேட்டவர் மட்டும் வந்தார்.