வலிப்பு நோயுள்ள மாற்றுத்திறனாளியின் இதயத்தையும் கவனிப்பது எப்படி?

வலிப்பு நோயுடன் உடல் அல்லது அறிவுசார் குறைபாடும் உள்ள ஒருவர் மயங்கி விழுந்தால், "வழக்கமான வலிப்புதான்" என்று வீட்டார் அத்துடன் விட்டுவிடுகிறார்கள். இதயத்துடிப்பு தாறுமாறானாலும் நினைவு தப்பிக் கைகால் வெட்டி இழுக்கும் என்பதால், ஒருமுறையேனும் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும். ஓடும்போதோ, நீந்தும்போதோ, திடீர் மணியொலியிலோ மயங்கினாலும், குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தாலும், இதய மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. டவுன் நோய்க்குறியுடன் பிறப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பிறவி இதயக்குறை இருப்பதால், அவர்களுக்கு எக்கோவும் (இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் சோதனை) அவசியம்.

மருத்துவரிடம் போகும்போது, எல்லா மருந்துச்சீட்டுகளையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். ஃபெனிட்டாயின், கார்பமசெபைன், லாமோட்ரிஜின் ஆகியவை இதயத்தின் மின்கடத்தலையும் பாதிக்கக்கூடியவை. நடத்தைச் சிக்கலுக்குத் தரப்படும் ஹாலோபெரிடால், சளிக்காய்ச்சலுக்குத் தரப்படும் அசித்ரோமைசின், வாந்திக்குத் தரப்படும் டோம்பெரிடோன் ஆகியவை ஈ.சி.ஜி.யில் 'கியூ.டி.' எனப்படும் இடைவெளியை (இதயத்தின் கீழறைகள் ஒருமுறை துடித்து, மின்னளவில் அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரத்தை) நீட்டக்கூடியவை; அது மிகவும் நீண்டால் துடிப்பு தாறுமாறாகலாம். தனித்தனி மருத்துவர்கள் தனித்தனியே எழுதியவை ஒரே உடலில் சேரும்போதுதான் ஆபத்து கூடுகிறது. வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் குறைந்தால் இன்னும் கூடும். இதைப் படித்துவிட்டு வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கட்டுப்படாத வலிப்பே பேராபத்து.

வலிப்பு நோயுள்ள பெரியவர்களில் ஆண்டுதோறும் 1,000 பேருக்கு ஏறத்தாழ ஒருவர், வேறு காரணம் எதுவும் புலப்படாமல் திடீரென இறக்கிறார். இத்தகைய இறப்புகளில் பல இரவில், உடல் முழுதும் வெட்டி இழுக்கும் வலிப்புக்குப் பின், யாரும் அருகில் இல்லாதபோது, குப்புறக் கிடந்த நிலையில் நிகழ்கின்றன. பெரும்பாலும் மூச்சு முதலில் நின்று, இதயம் அதன்பின் நிற்கிறது. தானாகப் புரண்டு படுக்க முடியாத மூளை முடக்குவாதக்காரர் இருக்கும் அறையிலேயே ஒருவர் படுப்பது நல்லது.

வலிப்பு வந்தால் நேரத்தைப் பார்த்துக்கொண்டு, தலைக்கு மெத்தென்ற துணி வைத்து, வெட்டு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பைத் திணித்து யாருக்கும் வலிப்பு நின்றதில்லை. தானாக அடங்கும் வேளையில் சாவிக்கொத்துக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். இழுப்பு நின்றபின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். மூச்சே இல்லாவிட்டாலும், விட்டுவிட்டுத் திணறினாலும், அதை அயர்ந்த தூக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரானால், வலிப்பின்போது பிரேக் போட்டுத் தலையைத் தாங்கிக்கொண்டால் போதும். மூச்சு நின்றாலோ, விட்டுவிட்டுத் திணறினாலோ மட்டும், உடனே தரையில் இறக்கி மல்லாக்கக் கிடத்திவிட்டு அழுத்தத் தொடங்குங்கள்.