பாடத்துக்கு விளையாட்டு உருவாக்கும்போது ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு, ஆட்டத்தை முடிவு செய்துவிட்டுப் பாடத்தை அதற்குள் திணிப்பது. பாம்பு ஏணி மாதிரி ஒன்று செய்யலாம் என்று தொடங்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிய வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். "பின்னங்கள் புரியும்" என்று எழுதினால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. "பகுதி வேறாக உள்ள இரண்டு பின்னங்களில் எது பெரியது என்று காரணத்தோடு சொல்வார்" என்றால் பாதி ஆட்டம் அதிலேயே கிடைத்துவிடும்.

அடிக்கடி நடக்கிற தவறு அடுத்தது. கேள்விக்குப் பதில் சொன்னால் பகடை உருட்டலாம் என்று வைப்பார்கள். அதில் கேள்வி வெறும் சுங்கச்சாவடிதான், எப்படா தாண்டுவோம் என்றிருக்கும் பிள்ளைகளுக்கு. அதற்குப் பதில், ஆளுக்கொரு பின்னச் சீட்டு போட வேண்டும், பெரிய பின்னம் போட்டவருக்கே அந்தச் சுற்று என்று வையுங்கள். ஒருவர் 3/5 போடுவார், எதிரே 5/8 விழும், எது பெரியது என்று வாக்குவாதம் வரும். படம் வரைந்தோ பகுதியைச் சமப்படுத்தியோ நிரூபித்தால்தான் சீட்டு கிடைக்கும் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள்.

சின்ன விதிதானே என்று அலட்சியம் வேண்டாம். உளவியலாளர்கள் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி சேரும் வயதுக்கு முந்தைய குழந்தைகள் ஒரே வரிசையில் 1 முதல் 10 வரை எழுதிய கட்டங்களில், எண்ணைச் சொல்லிக்கொண்டே காய் நகர்த்தினார்கள். இரண்டு வாரத்தில் மொத்தமே சுமார் ஒரு மணி நேரம்தான், ஆனால் எண்ணறிவு நன்றாகக் கூடியது. எண்ணுக்குப் பதில் வண்ணம் இருந்த அதே பலகையில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. பிறகு சீக்லரும் எலிடா லாஸ்கியும் 100 வரை உள்ள பலகையில் பார்த்தபோது, 5இல் நிற்கும் காய்க்கு 2 விழுந்தால் "6, 7" என்று சொல்லி நகர்த்திய குழந்தைகள், "1, 2" என்று எண்ணியவர்களைவிட அதிகம் கற்றார்கள். பிள்ளையின் வாயும் கையும் மனமும் அந்த நொடியில் என்ன செய்கின்றன என்பதைத்தான் நீங்கள் வடிவமைக்கிறீர்கள்.

வேகம் உங்கள் நோக்கம் இல்லையென்றால் டைமர் வேண்டாம், யோசிக்கிற பிள்ளை அதில் தோற்றுப்போகும். தவறாகச் சொன்னால் வெளியே என்ற விதியும் கூடாது. யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவரே முதல் சுற்றில் உட்கார்ந்துவிடுகிறார், இது எனக்குப் பொறுக்காத விஷயம். விதிகளை விளக்கவே பாதி வகுப்பு போகிறது என்றால் பாதியை வெட்டுங்கள்.

அப்புறம், சிரிப்பும் சத்தமும் இருந்தது, அதனால் கற்றுக்கொண்டார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்கி, எந்தச் சுற்றில் குழம்பினீர்கள், எப்படித் தீர்த்தீர்கள் என்று பேசவிடுங்கள். பிறகு சீட்டுக்கட்டில் இல்லாத 4/7, 5/9 மாதிரி ஒரு ஜோடியைத் தாளில் கொடுத்து, காரணத்தோடு எழுதச் சொல்லிப் பாருங்கள்.