பிசிஓஎஸ்: முதல் மூன்று மாதங்களுக்கான செய்முறை

பிசிஓஎஸ் என்பது ஹார்மோன் கோளாறால் சினைப்பையிலிருந்து முட்டை ஒழுங்காக வெளிவராத நிலை. இதற்கு நிறைய பேர் சூரணத்தில்தான் தொடங்குகிறார்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனில் ‘நீர்க்கட்டி’ என்று எழுதித் தருவது பெரும்பாலும் முழுதாக வளராமல் நின்றுபோன முட்டைப்பைகள்தான். அதனால் ‘கட்டியைக் கரைக்கும்’ மருந்துக்கு இங்கே வேலையில்லை. முட்டை மறுபடி ஒழுங்காக வெளிவர வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: நாள் குறிப்பது, பரிசோதனை

உதிரப்போக்கு தொடங்கும் நாள்தான் முதல் நாள். அங்கிருந்து அடுத்தது தொடங்கும்வரை எண்ணுங்கள். 21 நாளுக்குள் வந்தாலோ 35 நாளைத் தாண்டினாலோ சுழற்சி ஒழுங்காக இல்லை. (பூப்பெய்தி மூன்று ஆண்டுகூட ஆகாதவர்களுக்கு 45 நாள் வரை விடலாம்.) ஸ்கேனை மட்டும் வைத்து பிசிஓஎஸ் என்று முடிவு கட்டக் கூடாது. ஒழுங்கற்ற சுழற்சி, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) கோளாறுகளும் இதே அறிகுறிகளைக் காட்டும், இரண்டையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரைக்கு வெறும் வயிற்றுச் சோதனை மட்டும் போதாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனையில்தான் ஆரம்பக் கோளாறு தெளிவாகப் பிடிபடும்.

படி 2: சாப்பாடு

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு தானியம். காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டால் சர்க்கரை சட்டென்று ஏறாது. ஆயுர்வேதம் இந்தக் கோளாறைக் கபம் மிகுந்து, அக்னி (செரிமான சக்தி) மந்தமானதாகப் பார்க்கிறது. எனவே மதிய உணவு பெரிதாகவும் இரவு உணவு சிறிதாகவும், படுக்கைக்கு 3 மணி நேரம் முன்பாகவும் இருக்கட்டும். பட்டினி கிடக்காதீர்கள், உடலுக்குத் தீனி போதாவிட்டால் மாதவிலக்கு இன்னும் தள்ளிப்போகும். உடல் எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்குச் சுழற்சி சீராகிறது. ஒல்லியானவர்கள் எடையைக் குறைக்க முயல வேண்டாம்.

படி 3: உடற்பயிற்சி

வாரம் 150 நிமிட வேக நடை, அதாவது பேச முடியும், பாட முடியாது என்ற வேகம். கூடவே அடுத்தடுத்து வராத இரண்டு நாள்களில் தசைப் பயிற்சி: உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தலா 10 முறை, 3 சுற்று. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ரத்தச் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்வது தசை. அது வலுவானால் இன்சுலினுக்கு வேலை குறையும், இன்சுலின் மிகுந்து தூண்டுவதால் சினைப்பை ஆண் ஹார்மோன் சுரப்பதும் குறையும்.

தூக்கம் 7 மணி நேரம். பலத்த குறட்டை இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படி 4: மூலிகை

ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. நான்கைச் சேர்த்துத் தொடங்கினால் எது பிடித்தது, எது ஒவ்வாமை தந்தது என்று தெரியாமல் போகும். மலச்சிக்கல் இருந்தால் இரவில் அரை டீஸ்பூன் திரிபலா சூரணம், 150 மில்லி வெந்நீரில். வயிறு இளகினால் பாதியாகக் குறையுங்கள். சர்க்கரை ஏறுபவர்களுக்கு வெந்தயம் ஒரு டீஸ்பூன்: இரவில் ஊறவைத்து, காலையில் நீரோடு மென்று சாப்பிடுவது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் சில மணி நேர இடைவெளி வேண்டும்.

காஞ்சனார குக்குலு, அசோகப் பட்டை, சதாவரி போன்றவற்றை உடல்வாகு பார்த்து வைத்தியர்தான் தர வேண்டும். அஸ்வகந்தா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும். பஸ்பம், செந்தூரம் போன்ற உலோக, தாது மருந்து வகைகளை நீங்களாக வாங்கிச் சாப்பிடவே கூடாது. ஈயமும் பாதரசமும் கலந்திருக்கும் வாய்ப்பு உண்டு.

பலன் தெரிய குறைந்தது 3 மாதம், முகத்து முடிக்கு 6 மாதத்துக்கும் மேல். இடையில் நாள் தள்ளிப்போனால் மூலிகையை நிறுத்திவிட்டு முதலில் கர்ப்பச் சோதனை செய்யுங்கள். சுழற்சி சீராகும்போது எதிர்பாராமல் கரு தங்குவதுண்டு. கர்ப்பம் இல்லாமலே 90 நாள் தாண்டினால் கருப்பை உள்சுவர் தடித்துக்கொண்டே போகும். அதற்கு மேல் காத்திருக்காமல் மகப்பேறு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.